பல்லி எண்ணாத கை

மாடியை அளக்க ஆள் வருகிறது என்றதும் சொரிமுத்து மொட்டை மாடியைக் கழுவித் துடைத்து வைத்தார். தண்ணீர்த் தொட்டியை ஆள் வைத்து வடக்கு மூலைக்கு நகர்த்தினார். துளி நிழல் விழுந்தாலும் சோலார் பலகை மக்கர் பண்ணும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தார். துருப்பிடித்துக் கிடந்த பழைய டிவிக் குடையைப் பிடுங்கி இரும்புக்கடையில் போட்டார். முட்டுவலியோடு இத்தனையும் செய்தால், வந்த பெண் மாடிப்படி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேல வாம்மா, காட்டுதேன்."

"வேண்டாம் தாத்தா. உங்க மாடிய மேல இருந்தே பார்த்தாச்சு" என்று அவள் வானத்தைக் காட்டினாள்.

"மேல இருந்தே பார்த்தாச்சுன்னா இங்கன எதுக்கு வந்த?"

"வீட்டப் பார்க்க."

அவள் பெயர் ஜெபமலர். நாசரேத்துப் பக்கத்துப் பிள்ளை. கதிர்வாசல் என்கிற சோலார் கம்பெனியில் வேலை. தோள்பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து, மீட்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினாள். நான்கு மூலையிலும் நான்கு ரப்பர் கால். நடுவில் ஒரு சின்னப் பச்சை விளக்கு அவ்வப்போது சிமிட்டியது. தெருவில் எல்லோரும் அதைப் பல்லி என்றுதான் சொல்வார்கள்.

"பலகை சும்மா. மாட்டுறதும் சும்மா" என்றாள் ஜெபமலர். "கரண்ட் பில்லுல மாசாமாசம் உங்களுக்கு எவ்வளவு மிச்சமாகுதோ அதுல பாதி எங்களுக்கு. இருபது வருசத்துக்கு."

"சும்மா குடுக்கிறவன் ஒண்ணு சொந்தக்காரனா இருக்கணும், இல்லன்னா களவாணியா இருக்கணும். எனக்குத் தெரிஞ்சு சொந்தக்காரன் எவனும் சும்மா குடுத்ததில்ல."

அவள் சிரித்தாள். "மிச்சம் எவ்வளவு வரும்னு முன்னாலயே தெரிஞ்சாத்தான தாத்தா கம்பெனி பலகைய மாட்டும்? வெயிலு எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியும். கோவில்பட்டி வெயிலு எங்கயும் ஓடிப் போகாது. வீட்டுக்குள்ள கரண்டு எவ்வளவு ஓடும், எத்தன வருசம் ஓடும்னுதான் தெரியணும். அத இந்தப் பல்லி சொல்லும். ஒரு வாரம் இங்கனயே கேட்டுக்கிட்டு இருக்கும்."

"நாங்க பேசுறதயா?"

"ச்சே. வயர மட்டுந்தான்."

சொரிமுத்துவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இந்தப் பெட்டி மட்டும் என்ன வாழப் போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் வாயை மூடிக்கொண்டார். அவருக்குப் பலகை வேண்டும். பலகை இல்லாவிட்டால் முப்பிடாதி இந்தக் கோடையைத் தாண்டமாட்டாள்.

முப்பிடாதி அவர் மனைவி. போன கோடையில் அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் பானையோடு சாய்ந்தாள். தொட்டால் உடம்பு வெயிலில் கிடந்த தகரம் மாதிரி கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "இவங்க உடம்புக்கு இனிமே வேர்க்கத் தெரியாது. பகல் பூரா குளிர்ந்த அறையில வச்சிருங்க. இல்லன்னா அடுத்த தடவை கொண்டு வரவேண்டியிருக்காது."

கடன் வாங்கி ஒரு ஏ.சி. மாட்டினார். மில்லில் உழைத்ததற்கு வருகிற பென்ஷனை அது ஒரு மாதத்தில் விழுங்கியது. ஏ.சி. போட்டால் அரிசி இல்லை, அரிசி வாங்கினால் ஏ.சி. இல்லை. சித்திரை வெயில் இப்போதெல்லாம் மாசியிலேயே வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறது. பலகையை விலைக்கு வாங்கலாம் என்றால் வீட்டை விற்கவேண்டும். அப்புறம் அதை எங்கே மாட்டுவது?

ஜெபமலருக்கு முப்பிடாதி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "குடி தாயி. வெயில்ல வந்திருக்க" என்றாள். பிறகு சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்து, "இது ஒண்ணும் சாக்கடிக்காதுல்லா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில், வாடகை வீட்டின் இற்றுப்போன சுவிட்சை ஈரக்கையோடு தொட்டுவிட்டாள். அது அவளைத் தூக்கி எதிர்ச் சுவரில் அடித்தது. அன்றோடு சரி. அதற்குப் பிறகு எந்தச் சுவிட்சையும் அவள் தொட்டதில்லை. "நீ தொடாத, நான் போடுதேன்" என்று அன்றைக்குச் சொன்னவர் சொரிமுத்து. அந்தப் பேச்சு அப்படியே வீட்டுச் சட்டமாகிவிட்டது. விளக்கு, விசிறி, மோட்டார், மிக்சி, டிவி, இப்போது ஏ.சி. எல்லாம் அவர் கைதான். மிக்சியில் தேங்காயை அள்ளிப்போட்டு மூடிவிட்டு, "போடுங்க" என்பாள். அவர் போடுவார். "போதும்" என்பாள். அவர் அணைப்பார். மில்லில் ராத்திரி ஷிப்டு என்றால் வெளிச்சமிருக்கும்போதே விளக்கைப் போட்டுவிட்டுப் போவார், காலையில் வந்து அணைப்பார்.

பொழுது சாயும்போது அவர் முன்னறை விளக்கைப் போடுவார். அது எரிந்த உடனே முப்பிடாதி எந்த வேலையில் இருந்தாலும் அதை விட்டுவிட்டு, அந்தக் குழல்விளக்கைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுவாள். "கரண்டு விளக்கப் போயி எவளாவது கும்பிடுவாளா?" என்று அவர் கேலி பண்ணுவார். "எண்ணெ விளக்கோ கரண்டு விளக்கோ, வெளிச்சம் வெளிச்சந்தான்" என்பாள்.

ஒரு வாரம் கழித்து ஜெபமலர் வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"தாத்தா, உங்க வீட்டுக்குக் கம்பெனி ஒத்துக்கல."

"ஏன், மாடியில நிழலு விழுதா?"

"மாடி நல்ல மாடி. முதல் ரெண்டு வருசம் நல்லாத்தான் கணக்கு வருது. மூணாவது வருசத்துல இருந்து கோடு இறங்கிருது. அதுக்குப் பெறகு வீட்டுல கரண்டே ஓடாதுன்னு பல்லி சொல்லுது. கரண்டு ஓடலன்னா மிச்சம் ஏது? பலகை போட்ட காசு திரும்ப வராது."

"கரண்டு ஏன் ஓடாது? நான் என்ன இருட்டுலயா கெடக்கப் போறேன்?"

"எனக்குக் காரணம் வராது. கோடு மட்டுந்தான் வரும்." அவள் தரையைப் பார்த்தாள். "பல்லியக் கழட்ட ஆளு பெறகு வருவாங்க."

அவள் போனபிறகும் சொரிமுத்து மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூணாவது வருசம். கரண்டு ஓடாது. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் இந்த மாதிரிக் கணக்கு புரியாமல் போகாது. இந்த வீட்டில் கரண்டைக் குடிப்பது ஏ.சி. ஏ.சி. ஓடுவது யாருக்காக?

உள்ளே முப்பிடாதி, "மிக்சியப் போடுங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் போய்ப் போட்டார். கை நடுங்கியதால் இரண்டு தட்டு தட்டவேண்டியிருந்தது.

அடுத்த வீட்டுத் தங்கப்பழம் வாத்தியார் மாடியில் போன மாதமே பலகை ஏறிவிட்டது. வெயில் பட்டு அது சொரிமுத்து வீட்டு ஜன்னலுக்குள் கண்ணடிக்கும். சாயங்காலம் கிளப்புக்கடையில் வாத்தியார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னவே, முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு? தள்ளிட்டானா?"

"தள்ளிட்டான். உமக்கு மட்டும் எப்படிவே குடுத்தான்?"

"எனக்கா? முழுசா இருபது வருசம்!" வாத்தியார் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். "எம் மகன், மருமக, பேரப் பயலுவ, ஒருத்தனுக்காவது சுவிட்ச அணைக்கத் தெரியுமா? ஆளில்லாத அறையில விசிறி சுத்தும். குளிக்கிற அறையில விளக்கு பகல்ல எரியும். நான் அந்தப் பல்லி வந்த அன்னைக்கே வாய மூடிக்கிட்டேன். எரியட்டும்டே, கணக்குல ஏறட்டும்னு விட்டுட்டேன். நீரும் எல்லாத்தையும் போட்டுவிட்டிருக்கணும்வே. நீரு பிசினாறி."

"வீணாக்குறவனுக்கு விருந்து, மிச்சம் பிடிக்கிறவனுக்குப் பட்டினியா? நல்ல சேமிப்புத் திட்டம்."

"உமக்கு என்ன சொன்னான்?"

"மூணாவது வருசம் கோடு இறங்குதாம்."

வாத்தியாரின் சிரிப்பு நின்றது. காப்பி டம்ளரைச் சும்மா உருட்டினார். "அது... வீட்டுல ஆளு குறைஞ்சாத்தான்வே இறங்கும். வடக்குத்தெரு பலவேசத்துக்கும் அப்படித்தான் சொன்னான். அவரு சண்டை போட்டாரு. பெறகு தையில..." வாத்தியார் கையை மேலே காட்டினார். "அதுக்காக எல்லாருக்கும் அப்படியே நடந்திருமா? மெசினு சொன்னது வேதமா?"

"வேதத்தையே நான் நம்பினதில்ல."

ஆனால் நம்பாமல் இருக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சொரிமுத்து முப்பிடாதியைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. அவள் இருமினால் எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய் என்றார். சும்மா கண்ணை மூடினால் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"என்ன செய்யுது உங்களுக்கு? கோழிக்குஞ்சப் பருந்து பாக்குற மாதிரி பாக்கீய."

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

"நான் சாப்பிட்டனான்னு கேக்க உங்களுக்கு இத்தன வருசம் ஆயிருக்கு. என்ன தப்புப் பண்ணுனீய, சொல்லிருங்க."

அவர் மீட்டர் பக்கம் போய்ப் பல்லியை முறைத்தார். பச்சை விளக்கு சிமிட்டியது. பிடுங்கி எறியலாம் போல வந்தது. எறிந்தால் அதற்கும் ஒரு காசு கேட்பான். திருப்பூரில் இருக்கிற மகளிடம் சொல்லலாமா என்று போனை எடுத்தார். ஒற்றை அறையில் நாலு பேராகக் கிடக்கிறாள். சொல்லி அவளையும் அழவைக்கவா? போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

கம்பெனி ஆபீஸ் பஸ்ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. படியேறி முடிப்பதற்குள் முட்டு இரண்டு தடவை நிற்கச் சொன்னது. உள்ளே சிலுசிலு என்று குளிர். கண்ணாடி அறைக்குள் ஒரு மேனேஜர் காதில் போனோடு இருந்தார். வெளியே வருவதாகத் தெரியவில்லை. ஜெபமலர்தான் எழுந்து வந்து நாற்காலி போட்டாள்.

"உக்காருங்க தாத்தா."

"தாத்தான்னு சொல்லாத. தாத்தான்னு சொல்லித்தான் எல்லாவனும் ஏமாத்துதான். எம் பொண்டாட்டி எப்பச் சாவான்னு உங்க பெட்டி எப்படிம்மா சொல்லும்? அது என்ன, சோசியக்காரனா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். ஜெபமலர் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, மெதுவாப் பேசுங்க. நான் சொல்லுதேன். இதச் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. பல்லிக்குக் கண்ணு கெடையாது. பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது சுவிட்சு ஒண்ணுதான். அடுக்களையில விளக்க அணைச்ச கை, எவ்வளவு நேரம் கழிச்சு முன்னறையில போடுது? போன திங்கக்கிழமை எவ்வளவு, இந்தத் திங்கக்கிழமை எவ்வளவு? ஒரே தட்டுல போடுதா, தடவித் தடவிப் போடுதா? குளிக்கிற அறை விளக்கு எத்தன தடவை எரியுது? இத வச்சு கால் எப்படி இருக்கு, கை எப்படி இருக்குன்னு கண்டுபிடிச்சிரும். லட்சக்கணக்கான வீட்டச் சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கேட்டிருக்கு. இந்த மாதிரி நடை எப்ப நிக்கும்னு அதுக்கு ஒரு கணக்கு உண்டு."

"சேமிப்புக் கணக்குப் பாக்கோம்னு சொல்லிட்டு சாவக் கணக்குப் பாக்கீய."

"நாங்க மிச்சத்தத்தான் பாக்கோம் ஐயா. ஆளு இருந்தாத்தான் மிச்சம். அதனால அதுவும் உள்ள வந்திருது." அவளுக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப அவளுக்கு ரெண்டு வருசந்தான்."

ஜெபமலர் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு மோர் குடுத்தாங்களே ஒரு அம்மா, அவங்க உங்க கூடத்தான் இருக்காங்களா?"

"பெறகு? பக்கத்து வீட்டுக்காரி வந்து எங்க வீட்டுல மோர் குடுப்பாளா?"

"இல்ல... பல்லி உங்க வீட்டுல ஒரே ஒரு ஆளுதான்னு சொல்லுது. வயசான ஆம்பள ஒருத்தரு. தனியா இருக்காருன்னு. அதான் எனக்கு அன்னையில இருந்தே குழப்பமா இருக்கு."

சொரிமுத்து நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். "வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

படியிறங்கும்போது அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். முப்பிடாதிக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கோடு அவளுடையது இல்லை. அவள் சுவிட்சைத் தொடவே மாட்டாளே, அவளைப் பற்றி அந்தப் பல்லிக்கு என்ன தெரியும்? வீட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அதற்குத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தப் பெட்டியைப் போயா நம்பினோம்!

கடைசிப் படியில் கால் வைத்தபோதுதான் மற்றது உறைத்தது. நடுங்குகிற கை அவருடையது. இரண்டு தட்டு தட்டியது அவர். அடுக்களையிலிருந்து முன்னறைக்கு வர நேரமாவது அவருக்கு.

சரி. அவருக்கு எழுபத்திநாலு. போகிற வயசுதான். மில்லில் அவரோடு பஞ்சு தூக்கியவர்களில் பாதிப் பேர் இல்லை. அதற்கு அவர் பயப்படவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். டீ வந்தது, ஆறியது, ஏடு படிந்தது. அவர் குடிக்கவில்லை. அவர் போனபிறகு வரும் முதல் கோடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிவெயில். கதவு சாத்திய அறை. சுவரில் ஏ.சி. அதன் சுவிட்சு ஒரு சாண் தூரத்தில். அதற்கு முன்னால் முப்பிடாதி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "போடுங்க" என்று சொல்ல ஆளில்லாமல் நிற்கிறாள்.

மறுபடி அத்தனை படியும் ஏறினார்.

"இன்னொரு வாரம் அந்தப் பல்லிய எங்க வீட்டுலயே விடு."

"எதுக்கு ஐயா?"

"வீட்டுல இன்னொரு ஆளு உண்டுன்னு அதுக்குக் காட்டணும்."

"நான் எழுதிப் போடலாம். ஆனா ஏத்துக்கிடாது. வாயால சொல்லுறத அது நம்பாது. கையத்தான் நம்பும்."

"அது ஒண்ணுலதான் அதுக்கும் எனக்கும் ஒத்துப்போகுது" என்றார் சொரிமுத்து.

ஜெபமலர் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் இன்னும் போனில்தான் இருந்தார். "கழட்டுற ஆளு லீவுன்னு சொல்லிக்கிடுதேன். ஒரு வாரம். அதுக்கு மேல என்னால முடியாது."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "ஏளா, இனிமே சுவிட்ச நீதான் போடணும்."

முப்பிடாதி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வெயில்ல நடந்து மண்ட காஞ்சு போச்சா?"

"விளையாட்டுக்குச் சொல்லல."

"நானும் விளையாட்டுக்குச் சொல்லல. எனக்கு வேண்டாம். அது தூக்கி அடிச்சது எனக்குத்தான் தெரியும்."

"அது இத்துப்போன சுவிட்சு. இது புதுசு. பச்சப்பிள்ள கூடத் தொடும்."

"பச்சப்பிள்ளயக் கூட்டிட்டு வந்து போடச் சொல்லுங்க."

கெஞ்சினார். திட்டினார். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள் என்றார், கால் மிதி மேல் மரப்பலகையைப் போட்டு அதன் மேல் நில் என்றார். தானே பத்து தடவை போட்டு அணைத்துக் காட்ட நினைத்துக் கையை நீட்டினார். பல்லியின் பச்சைக் கண்ணைப் பார்த்ததும் சுட்டது போல இழுத்துக்கொண்டார். இந்த வாரம் தன் கை எதிலும் படக்கூடாது. பட்டால் அவள் கற்றுக்கொள்ளமாட்டாள். எதிரே சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"விசிறியப் போடுங்க."

"நீ போடு."

"வேர்க்குதுல்லா உங்களுக்கு?"

"எனக்கு வேர்த்தா பரவாயில்ல. உனக்கு வேர்க்காதுல்லா, அதான் பயம்."

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது அவரால் தாங்க முடியவில்லை. எழப்போனார். அதற்குள் அவள் அடுக்களைக்குள் போய் மத்தை எடுத்துவந்தாள். மோர் கடைகிற மத்து. அதன் கம்பை நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பி, கண்ணை மூடி, ஏ.சி. சுவிட்சைக் குத்தினாள். மூன்று தடவை தவறி நாலாவதில் விழுந்தது. 'க்ளிக்'. குளிர்காற்று வந்தது.

"போட்டாச்சு!" என்றாள் முப்பிடாதி. பிறகு மத்தைப் பார்த்தாள். "கழுவணும்."

"மத்து உதவாது. அந்தக் குத்துக்கு உன்னையும் கை நடுங்குறவன்னு எண்ணிரும்."

"யாரு எண்ணிரும்?"

"ஒண்ணுமில்ல. விரலால போடு."

அடுத்தடுத்த நாள் விரலுக்குச் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு போட்டாள். பிறகு தலைப்பு அவிழ்ந்தது. மிக்சியைத் தானே போட்டு, அது அலறியதும் தானும் ஒரு அலறல் அலறி, பிறகு சிரித்தாள். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தபிறகுதான் ஞாபகம் வந்து ஓடினாள். டிவியைப் போட்டு, அவர் ஒருநாளும் வைக்காத ஒரு சேனலைக் கண்டுபிடித்து, அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். மதியம் சோறு தாமதமானது. சொரிமுத்து திட்டவில்லை.

ஒருநாள் அணைப்பதற்காகச் சுவிட்சில் விரலை வைத்தவள், அணைக்காமல் திரும்பினாள்.

"நான் ஒண்ணு கேக்கேன், மழுப்பாமச் சொல்லுங்க. நீங்க எங்கயும் போறீயளா?"

"எங்க போவேன்? முட்டுவலியோட முக்குக் கடைக்கே போக முடியல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அணைத்தாள். அதற்குப் பிறகு அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் "போடுங்க" என்று கூப்பிடவும் இல்லை.

வாரம் முடிந்து ஜெபமலர் வந்தபோது முப்பிடாதி மோர் கொடுத்துவிட்டு, கேட்காமலே விசிறியைப் போட்டாள். "பாத்தியா தாயி!" என்பது போல ஒரு பார்வை. துணி எடுக்க மாடிக்குப் போனாள். கொடி மறுபடி ஏறியிருந்தது.

"ஒத்துக்கிட்டாங்க ஐயா" என்றாள் ஜெபமலர். "இருபது வருசம். கோடு நேராப் போவுது. பகல்ல ஓடுற கரண்டுதான் பலகைக்கு லாபம். இங்க பகல் பூரா ஓடுது. உங்க பில்லு ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிரும், எங்க பங்கு போகக்கூட. தைரியமா ஏ.சி. போடலாம்."

சொரிமுத்துவுக்கு மூச்சு இறங்கியது. "ரெண்டு ஆளுன்னு காட்டிட்டுல்லா?"

அவள் மோர் டம்ளரின் விளிம்பைத் துடைத்தாள்.

"ஒரு ஆளுதான் ஐயா. பொம்பள. வயசு இருக்கு, ஆனா நடை திடமா இருக்கு. கை நடுக்கம் இல்ல."

"நான்?"

"உங்களக் காட்டல." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒரு வாரமா நீங்க எதையும் தொடலல்ல. அதுக்கு... நீங்க ஏற்கனவே இல்ல."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"திருத்தணும்னா திருத்தலாம்" என்றாள் அவள் அவசரமாக. "நீங்களும் ஒண்ணு ரெண்டு சுவிட்சு போட்டாப் போதும், ரெண்டு ஆளுன்னு எடுத்துக்கிடும்."

"திருத்தினா கோடு இறங்குமா?"

அவள் தோள்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"உங்க கைய மறுபடி பார்த்துச்சுன்னா, வீட்டுக்கு மூத்த ஆளு நீங்கதான்னு எடுத்துக்கிட்டு பழைய கணக்கையும் சேர்த்துப் பாக்கும். இறங்கலாம். இன்னொண்ணும் சொல்லணும் ஐயா. பலகை மாட்டின பெறகும் பல்லி இங்கதான் இருக்கும். வருசாவருசம் மறுகணக்கு உண்டு. கோடு இறங்கினா பலகையக் கழட்டிருவாங்க."

சொரிமுத்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஞ்சுப்பொதி தூக்கிக் காய்த்த கை. இந்த வீட்டின் அத்தனை விளக்கையும் போட்ட கை. இனி அது ஒரு சுவிட்சையும் தொடக்கூடாது. களவாணிப் பயலுவ, சும்மா தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் இதையா எடுத்துக்கொண்டார்கள்?

"பெறகு என்னத்துக்குத் திருத்து?" என்றார். "எழுத்த அவ பேருல போடு. உயிரோட இருக்கிறவ பேருல இருக்கட்டும்."

முப்பிடாதி மாடியிலிருந்து வந்து கைநாட்டு வைத்தாள். ஜெபமலர் போகும்போது, "வாரேன் ஐயா" என்று இரண்டு தடவை சொன்னாள்.

பொழுது சாய்ந்தது. முன்னறை மங்கியது. பழக்க தோஷத்தில் சொரிமுத்து எழுந்தார். கை தானாகச் சுவிட்சுக்கு நீண்டது. பாதியில் நின்றது. அங்கேயே, அரை இருட்டில், நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

முப்பிடாதி அடுக்களையிலிருந்து வந்தாள். ஈரக்கையைச் சேலையில் நன்றாகத் துடைத்தாள். ஒரே தட்டு. விளக்கு எரிந்தது. விரலைச் சுவிட்சிலேயே வைத்துக்கொண்டு, இன்றும் அடிக்கவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தாள். கும்பிட மறந்துபோனாள்.

சொரிமுத்து இரண்டு கையையும் கூப்பினார்.

"என்ன புதுசா கும்பிடுதீய?"

"வெளிச்சம் வெளிச்சந்தான்" என்றார்.

மீட்டருக்குப் பக்கத்தில் பல்லி ஒரு தடவை பச்சையாகச் சிமிட்டி, விளக்கைப் போட்ட கையை எண்ணிக்கொண்டது. கும்பிட்டு நின்ற கைகள் அதன் கணக்கில் இல்லை.